கத்தாத பெட்டி

கண்ணாடித் தொட்டிக்குள் கரித்துண்டு கனன்றுகொண்டிருந்தது. உள்ளே தொங்கவிட்ட மூன்று புதுப் பெட்டிகளும் ஒன்றையொன்று மிஞ்சிக்கொண்டு அலறின. நான்காவது பெட்டி மட்டும் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா இருந்தது.

"உங்க பெட்டி போடுற சத்தத்துல எங்க குதிரையெல்லாம் மிரண்டு கஜகஸ்தானுக்கே ஓடிரும் போல!" என்று அடுத்த மேசையிலிருந்து துர்சுன் கத்தினான். குதிரைப்பாலை வீடுதேடிக் கொண்டுவரும் செயலி அவனுடையது. அவன் மேடையேறிப் பேசி முடித்துவிட்டதால் குஷியாக இருந்தான்.

பெர்மெட் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நான்காவது பெட்டியைத் தட்டிப் பார்த்தாள்.

"எல்டியார், இது ஏன் கத்தல?"

"பேட்டரி போயிருக்கும்."

"பேட்டரி போனா பச்சை எப்படி எரியும்?"

பிஷ்கெக்கின் மாணவத் தொழில்முனைவோர் போட்டியில் அன்று இறுதிச் சுற்று. எட்டு அணிகளில் இவர்கள் ஆறாவதாக மேடையேற வேண்டும். அணிக்கு 'தெம்' என்று பெயர். மூச்சு என்று அர்த்தம். நிலக்கரி அடுப்பிலிருந்து வாசனையோ நிறமோ இல்லாமல் கசியும் விஷவாயுவைக் கண்டுபிடித்து அலறுகிற சிறிய பெட்டியை இருவரும் இரண்டு வருடம் உட்கார்ந்து செய்திருந்தார்கள். ஜெயித்தால் அடுத்த குளிருக்குள் ஐந்நூறு பெட்டி செய்யலாம். ஜெயித்தால் ஊர் வழக்கப்படி பெர்மெட்டின் காதில் தோடு போட்டு நிச்சயம் செய்யத் தன் அம்மாவை அவள் வீட்டுக்கு அனுப்புவதாகவும் எல்டியார் சொல்லியிருந்தான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனாலும் அன்றிலிருந்து பெர்மெட் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் காதைத்தான் பார்த்தாள்.

கத்தாத பெட்டி பழையது. எல்டியார் குடியிருக்கும் வீட்டுக்காரரின் சமையலறையில் குளிர்காலம் முழுக்கத் தொங்கியது. கரி படிந்த பெட்டியைக் காட்டினால் நடுவர்களுக்கு நம்பிக்கை வரும் என்று நேற்றுத்தான் கழற்றி எடுத்து வந்திருந்தான்.

அவன் அதை மடிக்கணினியில் செருகி எண்களைப் பார்த்தான். ஒருமுறை பார்த்தான். மறுபடி மேலிருந்து பார்த்தான். பிறகு மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்பு அவள்தான் கேட்டாள். அண்ணன் மனைவி குல்சத்துக்குக் குழந்தை பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. 'அடுப்பு மூட்டுறப்பல்லாம் உன் பெட்டி கத்துது பெர்மெட், புள்ள தூக்கிவாரிப்போட்டு எழுந்திரிக்கிறான்' என்று குல்சத் போனில் அழுதாள். மற்ற வீடுகளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. 'ஏதாவது பண்ணேன்' என்று பெர்மெட் எல்டியாரிடம் கெஞ்சினாள். அவன் உட்கார்ந்து பன்னிரண்டு வரி எழுதினான். ஒவ்வொரு வீட்டிலும் வழக்கமாக இருக்கிற காற்றையே பெட்டி பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அதைவிட அதிகமானால்தான் கத்தும். இருவரும் வீடு வீடாகப் போய் அதை ஏற்றிவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு புகாரும் இல்லை. மேடையில் காட்டப்போகும் படத்தில் 'புகார்கள்: பூஜ்யம்' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

"இதுக்கு விஷம் பழகிப்போச்சு," என்றான் எல்டியார் மெதுவாக. "கொஞ்சம் கொஞ்சமா ஏறினா, எவ்வளவு ஏறினாலும் கத்தாது."

நீதானே கேட்டாய் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

வெளியே பதினொரு வீடுகளில் அந்தப் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் முறைக்கு இருபது நிமிடம் இருந்தது. நடைவழியில் போய் நின்று ஆளுக்குப் பாதியாகப் போன் செய்தார்கள். பெட்டியைக் கழற்றிவிடுங்கள், ஜன்னலைத் திறங்கள், சூடு போகக்கூடாதென்று புகைக்குழாய்த் தகட்டை, அடுப்பில் தணல் இருக்கும்வரை மூடாதீர்கள், விஷவாயு வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

"ஜன்னலைத் திறக்கணுமாம்ல? வெளிய மைனஸ் பதினெட்டு," என்றார் ஒருவர். "உனக்கென்னம்மா, யுனிவர்சிட்டி ஹீட்டர்ல காலை நீட்டி உக்காந்திருக்க."

"ஐயா, கெஞ்சிக் கேக்குறேன்."

"சரி சரி, கழட்டிடுறேன்."

பத்து வீட்டில் போனை எடுத்தார்கள். பதினொன்றாவது குல்சத். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெர்மெட் மறுபடி போட்டாள். மறுபடியும். அண்ணன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். பக்கத்து மனையில் இன்னும் கூரையே போடவில்லை. போய்ப் பார்க்கச் சொல்ல ஆள் கிடையாது.

அவள் அரங்குக்குள் ஓடினாள். மூன்றாவது வரிசையில் அவள் அம்மா, விசேஷங்களுக்கு மட்டும் எடுக்கிற ஊதாத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு போர்சோக் பணியாரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது நாள் முடிகிறவரை பிள்ளை பெற்றவளைத் தனியாக விடக்கூடாது என்று வர மறுத்தவளை, 'அரை நாள்தானே அபா' என்று பெர்மெட்தான் இழுத்து வந்திருந்தாள்.

"அபா, குல்சத் ஜெங்கே போனை எடுக்க மாட்டேங்குறா."

"புள்ள தூங்குறான்னு சத்தத்தைக் குறைச்சு வச்சிருப்பா. ஏண்டி இப்படி வெளுத்துப் போயிருக்க?"

"கிளம்புறப்ப அடுப்பு எப்படி இருந்துச்சு?"

"ரெண்டு வாளி நிலக்கரி அள்ளிப் போட்டுட்டுத்தான் வந்தேன். பச்சப்புள்ள குளிர் தாங்குமா?" அம்மா பெருமையாகச் சொன்னாள். "சூடு போயிடும், தகட்டை மூடிடட்டுமான்னு குல்சத் கேட்டா. நல்லா எரிஞ்சு அடங்கட்டும்டின்னேன். அதான் பெர்மெட் பெட்டி இருக்கே, ஆபத்துன்னா கத்துமேன்னு சொல்லிச் சிரிச்சா."

பெர்மெட் அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். மடியிலிருந்த பணியாரமெல்லாம் தரையில் உருண்டது.

வாசலில் எல்டியார் நின்றிருந்தான். உள்ளே ஐந்தாவது அணிக்குக் கைதட்டல் கேட்டது.

"நீங்க போங்க," என்றான். "அடுத்து நம்ம பேரைத்தான் கூப்பிடுவாங்க. யாராவது ஒருத்தர் இருக்கணும்."

"இருந்து? இது வேலை செய்யுதுன்னு சொல்லப்போறியா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குமேல் நிற்க அவளுக்கு நேரமில்லை.

டாக்சியில் ஏறியதும் ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள்.

"தெருப் பேரு சொல்லுங்க."

"பேரு இன்னும் வைக்கல. புதுக்குடியிருப்பு. நீலத் தண்ணித் தொட்டி தாண்டி மூணாவது சந்து."

"அந்தப் பக்கம் நாலு நீலத் தொட்டி இருக்கும்மா. எந்தத் தொட்டி?"

"கடைசித் தொட்டி. சீக்கிரம் வாங்க. கைக்குழந்தை."

"வண்டி கிளம்புது. யாரையாவது ரோட்டுல நிக்கச் சொல்லுங்க."

யாரை நிற்கச் சொல்வது? அம்மா பக்கத்தில் உட்கார்ந்து குல்சத்துக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தாள். எடுக்காதபோதெல்லாம், "தூங்குறா, தூங்குறா," என்றாள். ஒருமுறை அந்தச் சொல் பாதியில் நின்றது. அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. இரண்டு வாளி நிலக்கரி சுமந்த கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

குடியிருப்பின் மேட்டில் டாக்சி சறுக்கி நின்றது. இதற்குமேல் ஏறாது என்றார் ஓட்டுநர். இருவரும் இறங்கிப் பனியில் ஓடினார்கள். பத்தடியில் அம்மா விழுந்தாள்.

"என்னை விடு. நீ ஓடு!"

பெர்மெட் ஓடினாள். எல்லாக் கூரையிலும் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டுக் குழாயில் மட்டும் புகை இல்லை. குல்சத் தகட்டை மூடிவிட்டாள்.

கதவைத் தள்ளினாள். வெதுவெதுப்பு முகத்தில் வந்து அப்பியது. பால் வாசனையும் துவைத்த துணி வாசனையும் கலந்த, வீட்டின் இதமான சூடு. அதில் பயப்பட எதுவுமே இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. வெளியே திரும்பி நெஞ்சு நிறைய மூச்சிழுத்து அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

குல்சத் மெத்தை அடுக்கில் சாய்ந்திருந்தாள். கன்னங்கள் திருவிழாவுக்குப் போகிறவள் போலச் சிவந்திருந்தன. குழந்தை மடியில் தலை ஒருபக்கம் துவண்டு கிடந்தது. பெர்மெட் முதலில் அதை அள்ளி எடுத்தாள். போர்வையோடு வாசலுக்கு ஓடி, மூச்சிரைக்க வந்துகொண்டிருந்த அம்மாவின் கையில் திணித்தாள். மறுபடி உள்ளே போனாள். குல்சத்தின் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். உடம்பு மூட்டை போல் கனத்தது. வாசற்படியில் பனிக்காற்று பட்டதும் குல்சத் கண்ணைத் திறக்க முயன்றாள்.

"பச்சைதானே எரியுது..." என்று குழறினாள். பிறகு பனியின் மேலேயே வாந்தி எடுத்தாள்.

அம்மா குழந்தையின் முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலைத் தட்டினாள். முகத்தில் ஊதினாள். "எங்கண்ணு, எம்புலி, அழுடா. அழுது ஊரைக் கூட்டுடா." குழந்தை அழவில்லை. சத்தத்துக்கு எழுந்துவிடுகிறான் என்றுதானே பெட்டியின் வாயை அடைத்தோம் என்ற நினைப்பு வந்து, பெர்மெட் தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் ஒரு தும்மல். பிறகு பூனைக்குட்டி முனகுவது போல் ஒரு சத்தம். அப்புறம் அவன் அழத் தொடங்கினான். அம்மா அவனை அணைத்துக்கொண்டு பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சந்து முனையில் ஆம்புலன்ஸ் திரும்பியது. அதற்கு முன்னால், கோட்டுகூடப் போடாமல், மேடைக்கென்று வாங்கிய மெல்லிய சட்டையோடு எல்டியார் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"மூணாவது தொட்டிகிட்ட நின்னு வழி தெரியாம வண்டியைத் திருப்பிக்கிட்டிருந்தாங்க," என்றான். குளிரில் பற்கள் அடித்துக்கொண்டன. "துர்சுன் கார்ல கொண்டுவந்து விட்டான்."

"போட்டி?"

"மேடையேறினேன். எங்க பெட்டி யார் வீட்டுலயாவது இருந்தா நம்பாதீங்க, உடனே கழட்டுங்கன்னு சொன்னேன். கைதட்டுறாங்க பெர்மெட்! ஏதோ விளம்பர உத்தின்னு நெனச்சுட்டாங்க. இல்ல, நிஜம்னு ரெண்டாவது தடவை சொன்னப்பதான் அடங்கினாங்க. அப்படியே இறங்கி ஓடிவந்துட்டேன்."

அவள் தன் சால்வையைக் கழற்றி அவன் தோளில் போட்டாள்.

ஆம்புலன்சில் வந்த பெண் குல்சத்துக்கு பிராணவாயு முகமூடியைப் பொருத்தினாள். குழந்தைக்குச் சின்ன முகமூடி. "பொழச்சுக்குவாங்க. ஆனா இன்னும் ஒரு அரை மணி நேரம்..." என்றவள், பெர்மெட்டின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அம்மாவும் அவர்களோடு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வண்டி போனதும் எல்டியார் சட்டைப் பையிலிருந்து பெயர்ப் பட்டியலை எடுத்தான். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வேலையிலிருந்து ஆட்கள் திரும்பி அடுப்பு மூட்டுகிற நேரம்.

"பத்துப் பேரும் கழட்டிட்டேன்னுதான் சொன்னாங்க," என்றான்.

"ஜெங்கேகிட்ட யாராவது போன்ல கேட்டிருந்தா, அவளும் அப்படித்தான் சொல்லியிருப்பா."

முதல் வீடு இரண்டு சந்து தள்ளி. மைனஸ் பதினெட்டு என்று அலுத்துக்கொண்டவருடையது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன, உள்பக்கம் கம்பளியைத் தொங்கவிட்டிருந்தார்கள். புகைக்குழாயில் புகை வருகிறதா என்று அரையிருட்டில் தெரியவில்லை. எல்டியார் கதவைத் தட்டினான். பதில் இல்லை. பெர்மெட் அவன் கையைப் பற்றிக்கொண்டு, இன்னொரு கையால் பலமாகத் தட்டினாள்.

"ஐயா! கதவைத் திறங்க! ஐயா!"

உள்ளே யாரோ இருமினார்கள். பிறகு, மரத்தரையில் செருப்பு இழுபடும் சத்தம் மெதுவாகக் கதவை நோக்கி வந்தது. அதுவரை இறுக்கிப் பிடித்திருந்த கையை அவள் விட்டாள். இன்னும் ஒன்பது வீடு இருந்தது.