பச்சைக்கு நடுவுல நீலம்

காப்பி ஆயிடுச்சு. முழு ஃபைலும் காப்பி ஆயிடுச்சு.

ஆகக் கூடாதே, ஆகக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டுதான் விஜி அந்த ஒயர சொருகுனா. காலையிலேர்ந்து பொணம் மாதிரி கெடந்த கடைசி மூல கம்ப்யூட்டரு, இப்ப என்னமோ அவள கேலி பண்ற மாதிரி மடமடன்னு ஓடுது. கையில இருந்த, கிளிப் அடிக்கற கிரிம்பிங் டூலு நழுவி கால் மேல விழுந்தது கூட அவளுக்குத் தெரியல.

தமிழோட கன்னடம் கலந்து பேசற ஆபீஸ் மேனேஜர் ஹரிஷ்குமார் எட்டிப் பாத்தாரு. "ஆய்த்தா? அட, சூப்பர்ம்மா! மாமா ஊரெல்லாம் சண்ட போடப் போயிருக்கான், நீ குந்துன எடத்துல முடிச்சிட்ட!"

"இல்ல சார். இன்னும் ஆகல."

"கண்ணுக்கு எதிர்ல ஓடுதேம்மா?"

"சும்மா ஓடுது சார். நின்னுடும்."

நிக்கல. ரெண்டாவது தடவையும் ஓடுச்சு. அதே கேபிளு, அதே கூரை, அதே கம்ப்யூட்டரு. விஜி மாத்துனது ரெண்டு முனையில இருந்த ரெண்டு கிளிப்பு மட்டும்தான். அப்படின்னா கேபிள் மேல தப்பே இல்ல. கேபிளு தங்கம்.

ஆனா அந்தக் கேபிளு டூப்ளிகேட்டுன்னு சண்ட போடத்தான் விக்கி மாமா வண்டிய எடுத்துக்கிட்டு எஸ்.பி. ரோடுக்குப் பறந்திருக்கான்.

விக்கி மாமான்னா விஜிக்கு சொந்த மாமா இல்ல. மர்பி டவுன்ல ரெண்டு சந்து தள்ளி வீடு. அவ அக்கா உஷாவக் கட்டிக்கப் போறவன், தை மாசம் கல்யாணம். ஆபீசு ஆபீசா போய் கம்ப்யூட்டருக்கு ஒயர் இழுக்கறதுதான் அவன் தொழிலு. அடுகோடி ஏரியாவுல இந்த ஆபீசுதான் அவன் தனியா எடுத்த மொத பெரிய வேல. ஹரிஷ்குமார் சாரு சாதா கேபிளே போதும்னாரு. விக்கி மாமாதான் ஒத்தக் கால்ல நின்னான். "சார், நாளைக்கே வேகமான ஹப்பு போடுவீங்க. சாதா கேபிளு அப்ப பல்ல இளிச்சிடும். கூரைய ரெண்டாந்தரம் பிரிக்கணும். எங்க பெரியப்பா கடையில ஒரிஜினல் இருக்கு, கண்ண மூடிக்கிட்டு போடலாம்"னு சொல்லி நல்லதத்தான் போட வச்சான்.

அந்தப் பெரியப்பாவும் ரத்த சொந்தம் இல்ல. சுந்தரம்னு பேரு, எஸ்.பி. ரோட்ல கேபிள் கட வச்சிருக்காரு. விக்கிக்கு அப்பா இல்ல. கல்யாணத்துல அப்பா எடத்துல நிக்கப் போறவரே அவருதான். பத்திரிகையிலயும் அவரு பேர போட்டாச்சு.

கூரைக்குள்ள ஒயர் இழுத்தது விக்கி மாமா. முனைக்கு முனை கிளிப் அடிச்சது எல்லாம் உஷா, கூட இருந்து எடுத்துக் குடுத்தது விஜி. அக்கா கை அவ்ளோ சுத்தம். பூ கட்டுனாலும் சரி, ரவிக்க தச்சாலும் சரி, ஒரு எழ பிசகாது. விக்கி மாமாவுக்கு அதுல அப்படி ஒரு பெரும. "எங்க உஷா அடிச்ச கிளிப்ப நகை எக்ஸிபிஷன்ல வைக்கலாம்"னு பாக்கறவங்க கிட்டல்லாம் சொல்லுவான்.

அங்கதான் கெட்டுச்சு.

கேபிளுக்குள்ள எட்டு ஒயரு, ஜோடி ஜோடியா முறுக்கி இருக்கும். ஆரஞ்சுக்கு வெள்ள ஆரஞ்சு ஜோடி, பச்சைக்கு வெள்ள பச்ச ஜோடி. கிளிப்புல சொருகறப்போ மட்டும் பச்ச ஜோடியப் பிரிச்சு, நடுவுல நீல ஜோடிய வைக்கணும். விக்கி மாமா மொத நாளே சொல்லிக் குடுத்தான். உஷா சிரிச்சா. "அது என்னங்க, புருஷன் பொண்டாட்டியப் பிரிச்சு நடுவுல இன்னொரு குடும்பத்தக் குந்த வைக்கறது? பாக்கவே நல்லா இல்ல."

"நல்லா இல்லன்னாலும் அப்படித்தான்மா."

அவன் கூரை மேல ஏறுனதும் உஷா ஜோடிய ஜோடியோடவே சேத்து வச்சா. நீட்டா இருந்துச்சு. டெஸ்டர மாட்டிப் பாத்தா ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் லைட்டு வரிசையா எரிஞ்சது. டெஸ்டருக்கு என்ன தெரியும்? இந்த முனை ஒயரு அந்த முனைக்குப் போவுதான்னு பாக்கும், அவ்ளோதான். மூணாவது எடமும் ஆறாவது எடமும் ஒரே முறுக்கு ஜோடியா இருந்தாத்தான் சேதி தெளிவா போவும், அது வேற வேற ஜோடியா மாறி இருக்கறது அதுக்குத் தெரியாது. எல்லா ஒயரும் வந்து சேர்ற ஹப்புக்குப் பக்கத்துல இருந்த கம்ப்யூட்டரெல்லாம் எப்படியோ ஓடுச்சு. தூரத்துல இருந்தது எல்லாம் மூச்சு வாங்கிப் படுத்துடுச்சு. கண்ணாடி மாதிரி கிளிப்பு, வெளியிலேர்ந்தே கலர் தெரியும். ஆனா விக்கி மாமா ஒண்ண கூட குனிஞ்சு பாக்கல. உஷா அடிச்சதாச்சே. தப்பு கேபிள்லதான்னு முடிவு பண்ணிட்டான்.

அவன் கெளம்புனதுக்கு அப்புறம், ஹப்போட கம்பெனியே குடுத்த ரெடிமேட் ஒயரு மேசையில சும்மா கெடந்தது. விஜி அத எடுத்துப் பாத்தா. பச்சைக்கு நடுவுல நீலம். அக்கா அடிச்சதப் பாத்தா. பச்சையும் பச்சையும் பக்கத்துல பக்கத்துல. அதுக்கப்புறம்தான் கிளிப்ப வெட்டுனது, மாத்துனது, வேண்டிக்கிட்டது எல்லாம்.

மாமாவ நிறுத்தணும். ரிசப்ஷனுக்கு ஓடி கட நம்பரச் சுத்துனா. எடுத்தது கடையில வேல பாக்கற அசோகன்.

"அண்ணே, விக்கி மாமா வந்துச்சா? போன அதுகிட்ட குடுங்க, சீக்கிரம்!"

"யாரு, விஜியா?" அசோகன் கொரலு ஒடஞ்சு போயிருந்துச்சு. "போலீசு கூட்டிக்கிட்டு போயிடுச்சும்மா. ஐயாவ விக்டோரியா ஆஸ்பத்திரிக்கி தூக்கிக்கிட்டு போயிருக்காங்க. பேச்சு மூச்சு இல்ல."

"என்னண்ணே சொல்றீங்க?"

"ஐயா நல்லபடியாத்தான் பேசுனாரு. 'கேபிள் ரோலு மேல எனக்குச் சந்தேகம் இல்லடா. கிளிப் அடிச்ச கை யாருது, மொதல்ல அதப் பாரு'ன்னாரு. அந்த ஒரு வார்த்ததான். இவனுக்கு என்ன வந்துச்சோ, 'எங்க வீட்டு பொண்ண சொல்றியா'ன்னு நெஞ்சுல கை வச்சு தள்ளிட்டான். பின்னால படிக்கட்டு. தல நேரா அங்க போய்..."

மிச்சத்த விஜி கேக்கல. ஆட்டோவுல ஏறுனதும் தெரியல, எறங்குனதும் தெரியல.

ஸ்டேஷன் வாசல்ல உஷா நின்னுக்கிட்டு இருந்தா. தல கலைஞ்சு, செருப்பு கூட ஜோடி மாறி. விஜியப் பாத்ததும் ஓடி வந்து கட்டிக்கிட்டா.

"பெரியப்பா இன்னும் கண்ணு முழிக்கலயாம்டி. முழிச்சாத்தான் எதுவும் சொல்ல முடியுமாம்." மூக்க உறிஞ்சுனா. "ஏன்டி அந்த மனுஷன் மோசமான சாமானக் குடுத்தாரு? பெத்த புள்ள மாதிரின்னு சொல்லிட்டு இப்படிப் பண்ணுவாரா? அத மட்டும் பண்ணாம இருந்தா இதெல்லாம் வந்திருக்குமா?"

விஜி அக்காவ வாசல்லயே விட்டுட்டு உள்ள போனா.

உள்ள பெஞ்சுல விக்கி மாமா குந்தியிருந்தான். சட்டையில ரத்தம், அவன் ரத்தம் இல்ல. விஜியப் பாத்ததும் எழுந்தான், போலீஸ்காரரு தோள அழுத்தி உக்கார வச்சாரு.

"விஜி, அக்காவ வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு போ. அவகிட்ட சொல்லு, அவ கை மேல ஒரு சொல்லு வர நான் விட மாட்டேன்னு." அவன் கண்ணு செவந்து பொங்கிச்சு. "பெரியப்பா அப்படிச் சொல்லலாமா? தன் சாமான் தப்ப மறைக்க, உஷா மேல பழி போடலாமா? சொல்லு."

உஷா வாசல்லேர்ந்து அதக் கேட்டா. அழுதுக்கிட்டே மொகத்துல ஒரு வெளிச்சம் வந்து போச்சு. தனக்காக ஒருத்தன் ஜெயிலுக்குப் போவானா! அந்த மொகத்தப் பாத்ததுதான் விஜியால தாங்க முடியல. அவளுக்குத் தெரிஞ்சது மட்டும் வெளிய வந்தா, அந்த மொகம் என்ன ஆவும்? தன்னாலதான் ஒரு மனுஷன் சாகக் கெடக்கறாருன்னு தெரிஞ்சா அக்கா அந்தக் கைய என்ன பண்ணிக்குவா? மாமா அந்தக் கையத் தொடுவானா?

சொல்லலன்னா, அங்க கட்டில்ல கெடக்கறவரு டூப்ளிகேட் வித்த ஏமாத்துக்காரன்னு பேரு எடுப்பாரு. ஒருவேள அந்தப் பேரோடவே போயிடுவாரு.

உஷா உள்ள வந்து அவ காதுல கிசுகிசுத்தா. "நீதானே அங்க கூட இருந்து பாத்தவ. கேபிளு மோசம்னு நீ சொன்னா மாமாவுக்கு கொஞ்சமாவது நல்லது நடக்கும்னு அந்தப் போலீஸ்காரரு சொல்றாரு. சொல்லுவியாடி? எனக்காக?"

எஸ்.ஐ. பேனாவ எடுத்துக்கிட்டு நிமிந்து பாத்தாரு. கன்னடக்காரரு, ஆனா மர்பி டவுன் தமிழ்ப் பசங்கள பாத்துப் பழகுனவரு போல, தமிழ்லயே கேட்டாரு.

"வாம்மா, பயப்படாத, இப்டி உக்காரு. நீ பாத்தத மட்டும் சொன்னா போதும். அந்தக் கேபிளு நல்லதா, டூப்ளிகேட்டா?"