மேசை மேல் எடுத்த அளவு

மூன்று வருஷம் நாயாய் அலைந்ததற்கு நாளைக்குப் பலன் கிடைக்கப் போகிறது. முயல் கூண்டு குறைந்தது நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று நகரசபைக் குழு ஒப்புக்கொண்டால் அதுதான் விதி. அதற்காக வாங்கிய கையெழுத்து மட்டும் நாலாயிரம். வாங்கியவள் விலங்கு மருத்துவமனையில் கட்டுப் போடுகிறவள். அளவு நாடாவைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவதால் டேப்பக்கா என்று பெயர். சொந்தப் பெயரைச் சொன்னால் டாக்டரே "யாரது?" என்பார்.

இத்தனை நாள் மல்லுக்கு நின்ற பிராணிக் கடைச் சங்கச் செயலாளர் போன மாதம் சட்டென்று இறங்கிவந்தார். "அக்கா கேக்கற நாற்பத்தஞ்சையே குடுத்துடலாம்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நல்ல புத்தி வந்துவிட்டது என்று இவளும் நம்பித் தொலைத்தாள்.

குழு கூடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கையின் முயலுக்குக் கூண்டே கிடையாது. வீடு முழுக்க அதன் ராஜ்ஜியம். ஜன்னலில் ஏதோ சத்தம் கேட்டு அது பின்னங்கால்களில் எழுந்து, காதை விறைத்து நின்றது. பழக்கதோஷம், டேப்பக்கா நாடாவை நீட்டினாள். அறுபத்தெட்டு.

"தப்பா இருக்குடி. திரும்ப நிக்க வை."

"நான் சொன்னா என் புருஷனே நிக்க மாட்டார். அதுவா நின்னாத்தான் உண்டு."

அதுவாக நின்றது. மறுபடியும் அறுபத்தெட்டு.

இருநூறு முயலை அளந்தவள் அவள். அத்தனையும் மருத்துவமனையின் இரும்பு மேசை மேல். மருந்து நெடி, பக்கத்து அறையில் நாய் குரைப்பு, முதுகில் அழுத்திப் பிடித்த கை. அந்த மேசையில் எந்த முயல் எழுந்து நிற்கும்? சுருண்டு கிடந்ததை அளந்து, போனால் போகிறதென்று கொஞ்சம் கூட்டிப்போட்டு, நாற்பத்தைந்து என்று எழுதியிருக்கிறாள். செயலாளர் கடையில் முயல் நிற்பதைப் பார்க்காதவரா? சிரிக்காமல் என்ன செய்வார்!

"சொல்லாம விட்டுடேன்க்கா" என்றாள் தங்கை. "இப்ப இருக்கற முப்பதுக்கு நாற்பத்தஞ்சு மேல் இல்லையா?"

"மேல்தான். ஆனா ஒரு தடவை விதின்னு போட்டுட்டா அப்புறம் எவனும் தொடமாட்டான்டி."

மறுநாள் குழுவின் முன் எழுந்து நின்று, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க கேட்டதைத்தானேம்மா குடுக்கறோம்?" என்றார் குழுத் தலைவர்.

"நான் கேட்டதே தப்புங்க. பயந்து சுருண்டு கெடந்த முயலை அளந்துட்டேன். அந்த அளவுக்குக் கூண்டு செஞ்சா, அது காலம் பூரா அப்படியே கெடக்கும்."

"அளக்கவே தெரியாதவங்க பேச்சைக் கேட்டு நாங்க கடை நடத்தணுமா?" என்றார் செயலாளர். அறையே சிரித்தது. அவளுக்குக் காது சூடானது.

தலைவர் நல்லவர்தான். ஆனால் கையெழுத்து எல்லாம் நாற்பத்தைந்துக்குப் போட்டது. புதிதாக அளந்து, புதிதாகக் கையெழுத்து வாங்கி, அடுத்த வருஷம் வரச் சொன்னார். அதுவரை முப்பதேதான்.

திரும்பும் வழியில் ஒரு கடை வாசலில் வெள்ளை முயல் ஒன்று கூண்டுக்குள் குறுகி உட்கார்ந்திருந்தது. அதற்கு இன்னும் ஒரு வருஷத்தைக் கூட்டிக் கொடுத்தவள் தான்தான் என்று நினைத்ததும் தெருவென்றும் பாராமல் அழுதாள்.

அடுத்த நாள் முதல் ஆளாக ஒரு முயல் நகம் வெட்ட வந்தது. வெட்டி முடித்ததும் அதைத் தரையில் இறக்கிவிட்டு, கதவைத் தாழிட்டு, சுவரோரம் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

டாக்டர் கதவைத் தட்டினார். "என்னக்கா பண்றீங்க? வெளிய ஏழு பேர் காத்திருக்காங்க."

"அளக்கறேன் டாக்டர்."

"அதுக்கு அரை நிமிஷம் போதுமே?"

"இன்னும் பயந்துட்டு இருக்கு டாக்டர். எழுந்து நிக்கட்டும்."

நாய்களையெல்லாம் வாசலுக்கு வெளியே கொண்டுபோகும்படி டாக்டர் மெதுவான குரலில் சொல்வது கேட்டது.