டாங்கி தின்ற பலாவ்

ரொட்டியின் மேல் கைவைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

சண்டை ஓய்ந்த வருடம், இலையுதிர்காலத்தில், எங்கள் பாலம் உடைந்து சுர்கோப் ஆற்றுக்குள் கிடந்தது. என் மனைவி ஸுலைஹோவுக்கு நிறைமாதம், ஆஸ்பத்திரியோ அக்கரையில். ஊரே கூடிக் கூலியில்லாமல் புதுப் பாலம் கட்டியது. காவலுக்கு வந்த கேப்டன் நுஸ்ரதுல்லோ டாங்கி மேல் உட்கார்ந்தபடி எங்கள் கறிச்சோறான பலாவ் இரண்டு தட்டு காலி செய்தார்.

சமைத்த பரிநிஸோ அக்கா விடவில்லை. "சாப்பிட்டவன் கல்லு தூக்கணும் தம்பி. அதான் எங்க வழக்கம்."

"நான் காவலுக்கு வந்தவன்க்கா."

"ஆத்தை எவன் திருடிட்டுப் போகப்போறான்? எறங்குப்பா!"

இறங்கினார். அவருடைய சிப்பாய்களும், போன வருடம்வரை அவர்களைச் சுட்டுக்கொண்டிருந்த எங்கள் மலைப் பையன்களும் ஒரே உத்தரத்துக்குத் தோள் கொடுத்தார்கள். பாரம் தாங்கவில்லை. அக்கா டாங்கியின் பீரங்கிக் குழாயில் ஒரு கரண்டி பலாவ் ஊட்டினாள். அது ஏப்பம் விட்டுத் தானாக உருண்டு, நடு ஆற்றில் மண்டியிட்டு, உத்தரத்தை முதுகில் தாங்கிக்கொண்டது. ஆறே இரைச்சலை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஸுலைஹோ அந்த உத்தரத்தின்மேல் நடந்து அக்கரை சேர்ந்தாள். மறுநாள் மகள் பிறந்தாள்.

அந்த இலையுதிர்காலம் முழுவதும் நான் மாஸ்கோவில் செங்கல் சுமந்துகொண்டிருந்தேன்.