எலக்ட்ரீஷியனின் எடை

காலை ஏழு மணிக்கு எலக்ட்ரீஷியனை எடைபோட்டு, அந்தச் சிறு விமானத்தின் நிலையான உபகரணங்களில் ஒன்றாக, பேட்டரிக்கு அடுத்தபடியாகச் சேர்த்தார்கள். கருவிப் பெட்டி இல்லாமல், செருப்போடு. முதலாளி தராசின் முள்ளைக் குனிந்து பார்த்துவிட்டு, இனி இந்த எடை ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது என்றார். அன்றிலிருந்து விமானம் எழும்பும்போதெல்லாம் கடைசி வரிசை ஜன்னலோரத்தில் அவர் இருந்தார். முதல் சில மாதங்கள் பயணிகள் அவரிடம் பேச்சுக் கொடுத்தார்கள். பிறகு அவர் மடியில் பைகளை வைத்தார்கள்.

அவர் இருக்கும் இடத்தில் எதுவும் பழுதாகாது. பிறவியிலேயே அப்படியா என்று தெரியவில்லை. முதலில் கவனித்தது மனைவி. கல்யாணமான புதிதில், நாளெல்லாம் சொட்டிய குழாய் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் நின்றது. ஓடாத மின்விசிறி ஓடியது. அவளுடைய கடைவாய்ப் பல்வலி அவர் கதவைத் திறந்ததும் அடங்கியது, அவர் தெருமுனை திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பிறகு மகள் பிறந்தாள். அவளுக்கு மூச்சிழுப்பு. உதடு நீலம் பாரித்துக் கிடந்த பெண், அப்பா உள்ளே வந்ததும் எழுந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். அவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் சொட்டாத குழாய், ஓடும் விசிறி, நன்றாக இருக்கும் பெண். ஆகவே தன்னைச் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் புளுகுகிறார்கள் என்ற முடிவுக்கு அவர் நிதானமாக வந்து சேர்ந்தார்.

"எங்க, இப்ப இழு பார்ப்போம்" என்பார் மகளிடம். அவள் முயன்று பார்ப்பாள். வராது.

விமானப் பட்டறையில் அவருக்கு 'ஓகே' என்று பெயர். எந்தப் புகார் வந்தாலும் சோதித்துப் பார்ப்பார், எல்லாம் வேலை செய்யும், ஓகே என்று கையெழுத்துப் போடுவார். சுத்தமான வேலைக்காரர். தன் கண்ணால் காணாத எதற்கும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தத் தொழிலில் அதை நல்ல குணம் என்பார்கள்.

பைலட் அவருடைய மனைவியின் தம்பி. அந்த விமானத்தை ஓட்டத் தொடங்கிய வருடமே, ஒரு மேகத்துக்குள் போன நேரத்தில் கருவிப் பலகை முழுவதும் இருண்டது. ரேடியோ செத்தது. தரை மேலேயா கீழேயா என்று தெரியாமல் அவன் உட்கார்ந்திருந்தபோது எல்லாம் தானாகத் திரும்பி வந்தது, மறுபடி போனது, மறுபடி வந்தது. இறங்கியதும் நேராகப் பட்டறைக்கு வந்தான்.

"மாமா, மொத்தமா அணைஞ்சு போச்சு. ரெண்டு தடவை."

"நீ கண்ணைச் சிமிட்டியிருப்பே, மாப்ளே."

அவர் பேட்டரியைச் சோதித்தார், நல்ல பேட்டரி. ஆல்டர்னேட்டர் நல்ல ஆல்டர்னேட்டர். மெயின் சுவிட்சை ஆயிரம் முறை போட்டு அணைத்தார். கோளாறு வானத்தில் வந்துகொண்டே இருந்தது; தரையில், அவர் முன்னால், ஒருமுறைகூட வரவில்லை. அடுத்த வருடம் பைலட் ஒரு சோளக்காட்டில் விமானத்தை இறக்கினான். குடித்திருப்பான் என்றார் முதலாளி. சீட்டைக் கிழிப்பதாக இருந்தது. அப்போதுதான் அக்கா பட்டறைக்கு வந்து, என் வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு போங்கள், அவர் இருந்தால் அணையாது என்றாள். முதலாளி சிரித்தார். ஏற்றிப் பார்த்தார். ஒரு மாதம் ஒரு விளக்கும் கண் சிமிட்டவில்லை. அவரை இறக்கிவிட்ட அன்று, ஓடுபாதையின் முனைக்குப் போவதற்குள் பலகை இருண்டது. நடக்கிற காரியத்துக்குக் காரணம் கேட்கிற பழக்கம் முதலாளிக்கு இல்லை. தராசைக் கொண்டுவரச் சொன்னார்.

எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் இது விளங்கவில்லை. பயந்தாங்கொள்ளி மச்சானுக்குத் துணையாகத் தன்னை அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

தம்பியைக் காப்பாற்றியதற்கு என்ன கொடுத்தோம் என்பது பிறகுதான் மனைவிக்கு உறைத்தது. விமானம் விடியுமுன் கிளம்பியது, பல நாட்கள் வேறு ஊரிலேயே தங்கியது. முன்பெல்லாம் பட்டறை நேரத்தில் மட்டும் வந்த இழுப்பு இப்போது வாரம் முழுவதும் வந்தது. மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்தே தூங்கப் பழகினாள். ஒரு வருடம் பள்ளிக்குப் போனாள், அடுத்த வருடம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா வருவார். அவள் ஓடிப்போய்க் கதவைத் திறப்பாள். மருந்துக் குப்பிகளைப் பார்த்துவிட்டு, "நான் இல்லாதப்பதான் உங்களுக்கு எல்லாம் வரும்" என்பார் அவர். இன்னொரு முறை பெரிதாக வந்தால் தாங்காது என்று டாக்டர் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதை அவரிடம் சொன்னபோது, டாக்டருக்கும் பிழைப்பு நடக்க வேண்டுமே என்றார்.

எனவே விமானத்தின் கோளாறை அவளே தேடினாள். அது தீர்ந்தால் அவரை இறக்கிவிடுவார்கள். மீட்டரைப் பிடிக்கத் தம்பி சொல்லிக்கொடுத்தான். விமானம் தரையில் நின்ற ஒரு மதியம், ஓடுபாதையின் அந்தக் கோடியில் ஒரு விளக்கு எரியவில்லை என்று கணவரை அனுப்பிவிட்டு, கருவிப் பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். தம்பி மேலே உட்கார்ந்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அணைஞ்சுது. அதேதான். இன்னொரு தடவை இழு."

அது கறுப்பு எர்த் வயர். மேல்தோல் முழுசாக இருந்தது, உள்ளே செம்பு அறுந்திருந்தது. இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டது. அதிர்வில் தொட்டும் விட்டும் கிடந்திருக்கிறது, இத்தனை வருடமும்.

கணவர் திரும்பி வந்தார். அந்த விளக்கு எரிகிறது என்றார். வயரை இழுத்துப் பார்த்தார், விறைப்பாக இருந்தது. இணைப்பு சரி என்று மீட்டர் கீச்சிட்டது. அவள் அவரை மறுபடி அந்தக் கோடிக்குப் போகச் சொன்னாள். அவர் போனார், பலகை அணைந்தது, வந்தார், எரிந்தது. பிறகு ஒருமுறை போகச் சொல்லிவிட்டு, அவர் பெட்டியிலிருந்தே கட்டிங் பிளேயரை எடுத்து வயரை இரண்டாக வெட்டினாள். இரண்டு முனைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டாள். அவர் புல்வெளியைத் தாண்டி வந்துகொண்டிருக்கும்போதே முனைகள் அவள் கைக்குள் நெளிந்தன. விடாமல் பிடித்தாள். செம்பு இழைகள் ஒன்றையொன்று தேடி அவள் விரல் தோலைக் கிழித்துக்கொண்டு சேர்ந்தன, அதன்மேல் கறுப்புத் தோல் மூடியது. அவர் தலையை உள்ளே நீட்டியபோது ஒட்டுப்போட்ட தடம்கூட இல்லாத ஒரு வயரை மனைவி இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அதைப் புடிச்சுத் தொங்குறே?"

"மாமா, அக்கா வெட்டுனா. நான் பார்த்தேன். ரெண்டா இருந்துச்சு."

"அக்காவும் தம்பியும் சேர்ந்துட்டீங்க." அவர் சிரித்தார். அன்று அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "நல்ல வயரைப் பழுதுன்னு எழுதி மாத்தச் சொல்றீங்க. என் கையெழுத்துக்கு ஒரு மரியாதை இருக்கு."

அவர் கையெழுத்து இல்லாமல் அந்த விமானத்தில் ஒரு வயரையும் மாற்ற முடியாது. முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. கோளாறே வராத விமானத்தை எதற்குப் பிரித்துப் போட்டிருக்கிறீர்கள், பயணிகள் காத்திருக்கிறார்கள் என்றார்.

பலகையை மூடித் திருகினார்கள். பைலட் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் ஏறினான். எலக்ட்ரீஷியன் தன் இடத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். இரண்டு நாள் பயணம். வீட்டில் மகளுக்குத் துணையாக எதிர்வீட்டுப் பெண் இருந்தாள். அவளும் மாலையில் வேலைக்குப் போக வேண்டியவள். அவர் பக்கத்து ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. மனைவி புடவைத் தலைப்பில் கிழிந்த விரல்களைச் சுற்றிக்கொண்டு அதன் அருகே வந்து நின்றாள்.

"ஏங்க, வயரு கிடக்கட்டும். அங்க அவ மூச்சுக்குத் தவிக்கிறதைத் தினமும் பார்க்குறேன். நான் பார்த்தேன்னு சொன்னா உங்களுக்குப் போதாதா?"