பதினேழு கிலோமீட்டர்

என் மகன் தையல் மெஷின் பழுது பார்ப்பவன். நாற்பது ஆண்டு நில அளவையராக இருந்த என் வீட்டு கேட்டில் அந்தத் தொழிலுக்கு ஒரு போர்டு மாட்டியிருந்தான். போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று படிக்கிற வீடா இது? மருமகள் காலை ஷிப்டுக்குப் போன பிறகு அதைக் கழற்றிப் பரணில் போட்டேன். இனி இந்தப் படி ஏறாதே என்று அவனிடம் சொன்னேன். அன்று மாலை ஆற்றுப்பாலத்தில் லாரி மோதி இறந்தான்.

நான்கு மாதம் கழித்து, அவனுடைய கடைசி வரிக் கணக்கை முடிக்க ஆடிட்டர் வீட்டுக்கு வந்தார். மேஜைமேல் மகன் காரில் வைத்திருந்த நோட்டு. எங்கிருந்து, எங்கே, எதற்கு, மீட்டர் எவ்வளவு. அச்சடித்த மாதிரி கையெழுத்து.

"ஐயா, வீட்லேருந்து வேலைக்குப் போற பெட்ரோல் செலவை வருமானத்துல கழிக்க முடியாது. ஊரே அப்படித்தானே போகுது. ஆனா வீடே ஆபீஸா இருந்தா, வாசலைத் தாண்டினதுமே வேலைதான். இவரு எல்லாத்துலயும் 'வீடு, ஆபீஸ்'னு எழுதிருக்காரு. அதுக்கு அத்தாட்சி ஏதும் இருக்கா? போர்டு கீர்டு?"

"ஒரு போர்டு இருந்துச்சு சார். எங்க போச்சுன்னே தெரியல" என்றாள் மருமகள்.

என் கண் பரண் பக்கம் போனது.

"சரி, பாப்போம். நோட்டுல கடைசி வரி பாதியில நிக்குது. தையல் கம்பெனியிலேருந்து வீடு. ஆரம்பம் 48,212. முடிவு எழுதல. போலீஸ் அனுப்பின போட்டோல மீட்டர் 48,229 காட்டுது. பதினேழு. கம்பெனியிலேருந்து பாலம் மூணு கிலோமீட்டர்தானே? மீதி எங்க போனாரு? எங்கயாவது சுத்தப் போயிருந்தா அது சொந்த வேலைம்மா."

"எங்க குடும்பத்துல ஊர் சுத்துறவன் கிடையாது" என்றேன். "கண்டபடி எழுதாதீங்க."

"கண்டபடி எழுதக் கூடாதுன்னுதான் ஐயா கேக்குறேன்."

நான் பென்சிலை எடுத்தேன். கம்பெனியிலிருந்து வீடு பத்து. வீட்டிலிருந்து திரும்பப் பாலம் ஏழு. இந்தக் கணக்கு நான்கு மாதமாக எனக்குத் தெரியும். துக்கம் கேட்க வந்தவர்கள், வீட்டுக்கு வரும் வழியிலேயே போய்விட்டானே என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். என் சர்வீஸில் ஒரு பொய் அளவு எழுதியதில்லை. வாயால் சொன்னது வேறு.

அவன் இறந்த அன்று நான்கு மணிக்கு வாசலில் ஹாரன் இரண்டு முறை அடித்தது. கேட்டை உள்பக்கம் பூட்டியிருந்தேன். மூன்றாவது முறை அடிக்கட்டும், எழுந்து போகலாம் என்று நாற்காலியிலேயே இருந்தேன். அடிக்கவில்லை. இப்போது தினமும் அதே நேரத்துக்கு இரண்டு முறை அடிக்கிறது. ஓடிப்போய்த் திறந்தால் தெரு காலியாக இருக்கிறது.

எழுந்து போய்ப் பரணிலிருந்து போர்டை இறக்கினேன். மேஜைமேல் வைத்தேன்.

"அத்தாட்சி இதுதான். கேட்லதான் இருந்தது. கழட்டினது நான். அவன் போன அன்னிக்குக் காலையில."

மருமகள் போர்டைப் பார்க்கவில்லை. நான் பென்சிலால் எழுதிய பத்தையும் ஏழையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அன்னிக்கு இங்க வந்தாரா?"

"வந்தான்."

"நீங்க வீட்லதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"ஹாரன் அடிச்சாரா?"

"ரெண்டு தடவை."

"எப்பவும் ரெண்டுதான்" என்றாள்.

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போர்டு இருக்கறதால அந்தப் பத்தை ஒத்துக்குவாங்க. இந்த ஏழுதான்... எதுக்குப் போனாருன்னு ஒரு காரணம் எழுதணும். எதை எழுதினாலும் கழிக்க முடியாது ஐயா. விட்டுடலாம்."

"விட வேண்டாம்."

என் அளவை நோட்டில் பிறரை எழுத விட்டதில்லை. பேனாவை வாங்கினேன். கம்பெனி – வீடு (ஆபீஸ்), 10, வேலை. அதன் கீழே, வீடு – பாலம், 7. எதற்கு என்ற கட்டத்தில், 'அப்பா கதவைத் திறக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மருமகள் போர்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஆணியில் அதை மாட்டுகிற சத்தம் கேட்டது. கேட்டை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.