கன்னத்தில் ஒரு பாப்பா

சாரல் மேசை வரைக்கும் அடிக்க ஆரம்பித்ததும் நோலன் ஓடிப்போய் இரும்பு ஷட்டரை இழுத்துவிட்டான். அது கடகடவென்று இறங்கித் தரையில் முட்டி நின்றபோது, மூலையில் உட்கார்ந்திருந்த எல்ரேக்கு மூச்சு ஒரு கணம் நின்று பிறகு வந்தது. போன வருஷம் வரைக்கும் இது டயர் கடை. இப்போது நோலனின் சாப்பாட்டுக் கடை. சுவரெல்லாம் ஊதாவும் பச்சையும் மஞ்சளுமாகத் திருவிழாத் தோரணம், மேசைமேல் பழுப்புக் காகிதம், முதுகு உயர்ந்த மர பெஞ்சுகள். என்ன செய்தாலும் மழை நாளில் தரையிலிருந்து ரப்பர் வாசம் கிளம்பத்தான் செய்தது. எல்ரேயின் இடது பக்கம் சுவர். வலது பக்கம் மனைவி எர்லீன். எதிர் பெஞ்சில் அவளுடைய அக்கா லூவெல்லாவும் கிளோவிஸ் சித்தப்பாவும். எழுந்து போகவேண்டுமென்றால் எர்லீன் எழுந்து வழிவிட வேண்டும்.

நோலன் எர்லீனின் தம்பி. கடை திறந்து மூன்று மாதம் ஆகியும் எல்ரே இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பாதி நாள் கடலில் இருந்தான். மீதி நாள் முதுகு வலி, படகு மோட்டார் ரிப்பேர், பக்கத்து வீட்டுக்காரனுக்கு வேலி போட்டுக்கொடுக்கிறேன் என்று ஏதாவது சாக்கு. இன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்ததும் லூவெல்லா வாசலிலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

"இன்னைக்கு என்ன, பல்லு வலியா?" என்றாள். "சும்மா வா. சொந்த மச்சான் கடையில ஒரு வாய் சாப்பிட்டா குறைஞ்சு போயிடமாட்ட."

அவன் பயந்தது சாப்பாட்டுக்கு அல்ல. கடலில், எண்ணெய் எடுக்கும் மேடையில், நாற்பது பேருக்குச் சமைத்துப் போடுவது அவன் வேலை. இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் கரை. இருபத்தாறு வருஷமாக இதுதான். கிறிஸ்துமஸ் விருந்தில், ஒரு கிளாஸ் கூடப்போன நேரத்தில், இவர்கள் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "ஜனவரியோட சரி. இனிமே கரைதான்" என்று சொல்லித்தொலைத்துவிட்டான். எர்லீன் அழுதாள். நோலன் அங்கேயே, அப்போதே, கடை அடுப்பில் பாதி உன்னுடையது என்று அவனைக் கட்டிக்கொண்டான். அன்றைக்கு அவனும் மனசாரத்தான் சொன்னான். ஆனால் போன வியாழக்கிழமை கடலிலிருந்து போன் வந்தது. புதன்கிழமை படகில் வருகிறாயா என்று மேலதிகாரி கேட்டார். வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான். யோசிக்கக்கூட இல்லை. தாகம் எடுத்தவன் தண்ணீரை வாங்கிக்கொள்கிற மாதிரி வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எர்லீனிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று காலை வண்டியில் வரும்போது சொல்லிவிடுவது என்று இருந்தான். அவள் ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டே வந்தாள். ஒரு பாட்டு முடியட்டும் என்று பார்த்தான். அது முடிந்ததும் அடுத்தது வந்தது. அதற்குள் கோயில் வந்துவிட்டது.

"முடியெல்லாம் வெட்டி மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கியே மச்சான்!" என்று நோலன் தட்டுகளோடு வந்தான். "கடை மாப்பிள்ளை!"

எல்லோரும் சிரித்தார்கள். எல்ரேயும் சிரித்துவைத்தான். எர்லீன் மட்டும் தண்ணீர் கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

கம்போ வந்தது, அந்த ஊர்க் குழம்பு. ஆவி பறக்கும் கிண்ணம், நடுவில் ஒரு கரண்டிச் சோறு, இறால், நண்டு, வெண்டைக்காய். கிளோவிஸ் சித்தப்பா கரண்டியால் ஒரு தக்காளித் துண்டைத் தூக்கி, செத்த எலியைக் காட்டுகிற மாதிரி எல்லோருக்கும் காட்டினார்.

"இது என்ன?"

"தக்காளி, சித்தப்பா" என்றாள் இமெல்டா. நோலனின் மனைவி. நியூ ஆர்லியன்ஸ்காரி, கிரியோல் குடும்பம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். "எங்க ஊர்ல போடுவோம். உங்க சதுப்புக் காட்டுல தக்காளி மொளைக்காதுன்னா அதுக்கு நான் என்ன பண்றது?"

"கம்போவுல தக்காளி போடுறவள வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தான் பாரு, இவனைச் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா கிண்ணத்தைக் காலி செய்தார். பிறகு இன்னொன்று கேட்டார்.

எல்ரே ஒரு வாய் வைத்தான். நன்றாக இருந்தது. தக்காளிப் புளிப்பு இறாலோடு போய்ச் சேர்ந்த இடம் அவனுக்கே புதிதாக இருந்தது. அவனுக்குள் ஒரு நம்பிக்கை துளிர்த்தது. இவ்வளவு நன்றாகச் சமைக்க ஆள் இருக்கும்போது தன்னை யார் தேடப்போகிறார்கள்?

"பிரமாதம் இமெல்டா" என்றான். "இதுக்கு மேல இந்தக் கடைக்கு யாரும் வேண்டாம்."

"அங்கதான் தப்பு பண்ற மச்சான்" என்று நோலன் பெஞ்சின் நுனியில் தொற்றிக்கொண்டான். "வெளிய பலகையில என்ன போட்டிருக்கேன்? கேஜன், கிரியோல். நம்ம சமையல், அவ சமையல், ரெண்டும். இது அவளோட பாதி. நம்ம பாதி எங்க? வர்றவன்லாம் கறுப்பா, கெட்டியா, கோழி போட்ட நம்ம வீட்டுக் கம்போ எங்கடான்னு கேக்குறான். அதுக்கு எண்ணெயில மாவைக் கறுக்க வறுக்கணும். எனக்குத் தெரியாது, கரிச்சுப்புடுவேன். உனக்காகத்தான் அந்தப் பாதிய எழுதி வச்சேன். செவ்வாய்க்கிழமை நீ அடுப்புல நின்னாத்தான் என் பலகை பொய் சொல்லாம இருக்கும்."

செவ்வாய்க்கிழமை. எல்ரே கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டான். இந்த மனிதர்கள்மேல் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. நல்லவர்கள். அதுதான் தொல்லை. கெட்டவர்களாக இருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம். கடல் மேடையில் அவன் மாவை வறுக்கும்போது யாரும் பேசமாட்டார்கள். சாப்பிடுகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார்கள். அவனுக்கு ஒரு படுக்கை, அதற்கு ஒரு திரை. திரையை இழுத்துவிட்டால் அவன் யாருக்கும் மச்சானும் இல்லை, தம்பியும் இல்லை. நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த அந்த இரும்பு மேடையில் கிடைக்கிற விடுதலை கரையில் ஏறியதும் காணாமல் போய்விடுகிறது. இதை எர்லீனிடம் எப்படிச் சொல்வது? உன்னை நேசிக்கிறேன், ஆனால் உன்னிடமிருந்து பாதி மாதம் தள்ளி இருந்தால்தான் நேசிக்க முடிகிறது என்றா?

கிண்ணங்களை எடுத்துவிட்டு இமெல்டா கிங் கேக்கைக் கொண்டுவந்து வைத்தாள். மூன்று நிறச் சர்க்கரை தூவிய பெரிய வளையம். தவக்காலத்துக்கு முன் வரும் இந்தத் திருவிழா முடியும் வரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யார் வீட்டிலாவது இது உண்டு. உள்ளே சுண்டு விரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பாப்பா ஒளிந்திருக்கும். யார் துண்டில் அகப்படுகிறதோ அவர்கள் அடுத்த ஞாயிறு கேக் வாங்கி எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். இந்தக் குடும்பத்தில் திருப்பலியைத் தவறவிட்டாலும் விடுவார்களே தவிர இதை விடமாட்டார்கள்.

எல்ரேயின் மூன்றாவது கடியில் பல்லில் ஏதோ நறுக்கென்றது. நாக்கு அதைத் தடவிப் பார்த்தது. தலை, வயிறு, இரண்டு குட்டிக் கால்.

அடுத்த ஞாயிறு அவன் கடலில் இருப்பான். எடுத்துக் காட்டினால், அடுத்த வாரம் உன் வீட்டில் என்பார்கள். சரி என்றால் பொய். முடியாது என்றால் ஏன் என்பார்கள். அவன் யோசித்து முடிப்பதற்குள் நாக்கு பாப்பாவைக் கன்னத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. மேலே ஒரு வாய் காபி குடித்தான்.

அந்த நேரம் பார்த்துத்தானா நோலன் எழுந்து கரண்டியால் கிளாஸைத் தட்ட வேண்டும்! அவன் கையில் ஒரு வெள்ளை ஏப்ரன். மார்பில் சிவப்பு நூலில் எல்ரே என்று தைத்திருந்தது. லூவெல்லா தைத்தது. அவளுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

"பேசு மச்சான்! ரெண்டு வார்த்தை!"

எல்ரே வாயில் கொழுக்கட்டை வைத்தவன் போலத் தலையை ஆட்டினான். ஏப்ரனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். மூக்கு வழியாக ஒரு மாதிரி சத்தம் வந்தது.

"பாரு, அழுறான்" என்றாள் லூவெல்லா. "கடல்காரனுக்கும் மனசு இருக்கு."

"விடுங்க, அவனை விடுங்க" என்று சித்தப்பா கேக்கைப் பார்த்தார். வளையம் முழுக்கத் தீர்ந்திருந்தது. "ஆமா, பாப்பா யார்கிட்ட?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வைக்க மறந்திருப்பா" என்றாள் லூவெல்லா.

"மறக்கிறதாவது! என் கையால சொருகினேன்" என்றாள் இமெல்டா. "செலவுக்குப் பயந்து யாரோ அமுக்கிட்டீங்க. வாயத் திறங்க எல்லாரும்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. யாரும் வாய் திறக்கவில்லை. சித்தப்பா திடீரென்று தொண்டையைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"எனக்கு என்னவோ அடைக்கிற மாதிரிதான் இருந்துச்சு. அப்பவே." எச்சிலை விழுங்கிப் பார்த்தார். "இந்தப் பொய்ப்பல்லுல எதைக் கடிக்கிறேன்னே தெரியமாட்டேங்குது. முழுங்கிட்டேன். நான்தான் முழுங்கிட்டேன்!"

"ஐயோ சித்தப்பா!" லூவெல்லா அவர் முதுகில் ஓங்கித் தட்டினாள். நோலன் வண்டிச் சாவியைத் தேடினான். ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம், படம் எடுத்துப் பார்க்கட்டும் என்றான். கிழவர் விரலை வாய்க்குள் விட்டுத் துழாவினார். பயம் நிஜமான பயம்.

எல்ரேக்குக் காதெல்லாம் சுட்டது. சொல்லிவிட வேண்டியதுதான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லித் தொலைத்துவிட வேண்டியதுதான். அவன் வாயைத் திறக்கப் போனான். அப்போது மேசைக்கு அடியில் அவன் முழங்கால்மேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது. எர்லீனின் கை. உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது. அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்ரே காகிதக் கைத்துண்டை எடுத்து அதற்குள் இருமினான். அதை அப்படியே அந்தக் கையில் வைத்தான்.

"யாரும் எங்கயும் போக வேணாம்" என்றாள் எர்லீன். ஈரமாக இருந்த பாப்பாவைத் தூக்கிக் காட்டினாள். "என்கிட்டதான் இருக்கு. சும்மா வெளாடினேன்."

"அடிப்பாவி! கெழவன் செத்துருப்பேன்டி!" சித்தப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டு சிரித்தார். சிரித்ததில் கண்ணீர் வந்தது. "அடுத்த ஞாயிறு பெரிய கேக்கா வாங்கணும். ரெண்டு வாங்கணும்!"

"வாங்குறேன் சித்தப்பா" என்றாள். "நம்ம வீட்டுக்கு வந்துருங்க எல்லாரும்."

மழை விட்டுப்போனது. நோலன் ஷட்டரைத் தூக்கினான். ஈரமான வெளிச்சம் உள்ளே வந்து விழுந்தது. சித்தப்பாவைக் கைத்தாங்கலாக லூவெல்லா வெளியே கூட்டிப்போனாள். இமெல்டா தட்டுகளை அடுக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். மேசையில் இவர்கள் இருவரும்தான்.

எர்லீன் பாப்பாவைத் தன் கைத்துண்டால் துடைத்தாள். முதுகைத் துடைத்தாள், பிறகு கால்களைத் துடைத்தாள்.

"படகு எத்தனை மணிக்கு?" என்றாள்.

எல்ரேக்கு இப்போது வாய் காலியாக இருந்தது.

"அஞ்சுக்கு."

"காலையிலயா?"

"ம்." பிறகு கேட்டான். "உனக்கு யார் சொன்னா?"

"நேத்து முடி வெட்டிக்கிட்டு வந்தியே." அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "இத்தனை வருஷத்துல கடலுக்குப் போறதுக்கு முன்ன தவிர நீ எப்ப முடி வெட்டியிருக்க? காலையில வண்டியில பாட்டைச் சத்தமா வச்சேன். நீ சொல்லிருவியோன்னு பயம். இங்க வந்து ஒரு வாய் சாப்பிட்டா மனசு மாறுவியோன்னு ஒரு நப்பாசை."

"எர்லீன்."

"செவ்வாய்க்கிழமை நோலன் உனக்காக அடுப்பு பத்த வச்சு நிப்பான். அவன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். அதை நீதான் சொல்லணும்."

வெளியே நோலன் நடைபாதையில் ஏணி போட்டு ஏறி, பலகையில் படிந்த மழைத் தண்ணீரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். முதலில் இமெல்டாவின் பாதி. பிறகு ஏணியை நகர்த்தி மற்றதையும் துடைத்தான். எல்ரே மடியில் இருந்த ஏப்ரனை மடித்தான். சிவப்பு எழுத்து மேலே தெரிந்தது. திருப்பி மடித்தான்.

"வா, போலாம்" என்றான்.

எர்லீன் பாப்பாவை மிளகாய்ச் சாறு புட்டியில் சாய்த்து, அவனைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி வைத்தாள். ஷட்டர் முழுக்கத் திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் ரோடு கழுவிவிட்டது போல மின்னியது. அவள் பெஞ்சின் நுனியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்து வழிவிடாமல் உட்கார்ந்திருந்தாள்.