உள்ளேதான் விழுந்தது

...உள்ளேதான் விழுந்தது, சத்தியமாக உள்ளேதான், வெள்ளைக் கோட்டின் மேல் பாதியும் உள்பக்கம் பாதியுமாக, சாக்பீஸ் தூள் லேசாக எழும்பியதுகூட அவள் கண்ணுக்குத் தெரிந்தது, பத்தொன்பது வருஷமாகக் குழந்தைச் சட்டைகளைப் புரட்டிப் புரட்டி ஒரு தையல் விட்டிருந்தாலும் பிடித்துவிடுகிற கண், அதற்கு ஒரு பந்து எங்கே விழுந்தது என்று தெரியாமல் போகுமா என்று நினைத்துக்கொண்டே அவள் பஸ்ஸில் ஏறினாள், ஏறினாள் என்பதைவிடத் தாவினாள் என்றுதான் சொல்ல வேண்டும், நாற்பத்தாறு வயதில் யாராவது பஸ் படியில் தாவுவார்களா, கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்து, "மெதுவாம்மா, பஸ் எங்கேயும் ஓடிடாது" என்றார், பஸ் ஓடாமல் பின்னே என்ன செய்யும் என்று அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வாயைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னலோர இடத்தில் விழுந்தாள், பக்கத்தில் மடியில் பை வைத்திருந்த பெண் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள், நகரட்டும், பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், இவளிடமே சொல்லிவிடலாமா, அக்கா, இன்றைக்கு நான் அடித்த கடைசிப் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தது, நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று... இல்லை, ஜெயித்ததா பெரிது, அது இல்லை, அதற்குப் பிறகு நடந்ததுதான், அதைச் சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும், முதல் என்றால் எது?

முதல் என்றால் அந்த மின்விசிறி. தையல் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கும் மடிப்புப் பிரிவுக்கும் நடுவில் நிற்கிற ஒற்றை மின்விசிறி, அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் தொடங்கிய சண்டை இரண்டு வருஷம் ஓடியது, இரண்டு வருஷம், நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, சாப்பாட்டு நேரத்தில் இவர்கள் ஒரு சுவரோரம், அவர்கள் எதிர்ச் சுவரோரம், ஒருத்தர் டப்பாவில் என்ன இருக்கிறது என்று இன்னொருத்தர் எட்டிப் பார்த்தால்கூடக் குற்றம், மத்தியானம் மூன்று மணி ஆனால் யாருக்காவது தலைவலி, யாருக்காவது நெஞ்சு படபடப்பு, சூப்பர்வைசர் மேஜையில் மாத்திரை அட்டை தீர்ந்துகொண்டே இருக்கும், அப்படி இருக்கும்போதுதான் மடிப்புப் பிரிவு நெட்டச்சி, தன் மகளுடைய பழைய பந்துக்குப் பஞ்சர் ஒட்டி எடுத்துக்கொண்டு வந்தவள், ஒட்டினது நிற்கிறதா என்று பார்க்கத் தரையில் ஓங்கித் தட்ட, அது எகிறி நேராக வந்து செக்கிங்கில் இருந்த இவள் மண்டையில் விழுந்தது. மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது. சண்டைக்கு இதைவிட நல்ல சாக்கு யாருக்குக் கிடைக்கும், வாய் வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது, ஆனால் கை என்னவோ வாயை முந்திக்கொண்டு பந்தைத் திருப்பி அடித்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் விட்டது, முப்பது வருஷம் கழித்தும் கை மறக்கவில்லை, நெட்டச்சி அதைத் திருப்பி அடித்தாள், இவள் மறுபடியும்... அவ்வளவுதான், மறுநாள் சரக்கு ஏற்றுகிற முற்றத்தில் இரண்டு தூணுக்கும் நடுவே அட்டைப்பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையை இழுத்துக் கட்டினார்கள், பத்து நிமிஷம் சாப்பாடு, இருபது நிமிஷம் ஆட்டம். முதல் வாரம் முகத்தைச் சுளித்த சூப்பர்வைசர் மூன்றாவது வாரம் வந்து மெதுவாகச் சொன்னார், "தலைவலி மாத்திரை கேட்டு யாரும் வரலையே, என்ன சமாச்சாரம்?" இப்போது விசில் அவர் வாயில்தான் இருக்கிறது. மின்விசிறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

ஆனால் பொத்தான் பிரிவில் இருக்கிறவள் மட்டும் ஆட வரமாட்டாள், வந்து உட்கார்வாள், மடக்கி வைத்த அட்டைகளின் மேல், திறக்காத சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பந்தைப் பார்க்கிறாளா அதற்கு அப்பால் எதையாவது பார்க்கிறாளா என்று சொல்ல முடியாது, போன வருஷம் மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள், எட்டு வயது, அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து "சரி", "ஆச்சு", "நூல் தீர்ந்துடுச்சு" இந்த மூன்றையும் தவிர வேறு பேச்சு யாரும் கேட்டதில்லை, அவள் தைத்த பொத்தானோடு குழந்தைச் சட்டை செக்கிங்குக்கு வரும்போது இவள் அதை இழுத்துப் பார்க்கத் தயங்குவாள், இழுத்துப் பார்ப்பதுதான் வேலை, இருந்தாலும் தயங்குவாள். அவள் எதிரில் சிரித்து ஆடலாமா என்று முதலில் எல்லோருக்கும் ஒரு கூச்சம் இருந்தது, வாத்தியாரம்மா என்று பெயர் வாங்கிய மடிப்புப் பிரிவு மூத்தவள்தான், "அவ வந்து உக்கார்றாளே, அப்போ அவளுக்கு வேணும்னுதானே அர்த்தம், ஆடுங்கடி" என்றாள். ஆடினார்கள். மூன்று மாதம். இன்றைக்குப் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது, கடைசிப் பந்து, இவள் எம்பி அடித்தது கோட்டில் விழுந்தது, அந்தப் பக்கம் "அவுட்டு!" இந்தப் பக்கம் "உள்ளே!" சூப்பர்வைசர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு திருதிருவென விழித்தார், அவர் அந்த நேரம் பார்த்துக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார், பழைய மின்விசிறிச் சண்டை மறுபடி வந்துவிடும்போல ஒரு சூடு கிளம்பியது, நெட்டச்சி இடுப்பில் கை வைத்துவிட்டாள், அப்போது மடியிலிருந்த டப்பா கீழே விழுந்து உருள, அட்டைக் குவியலிலிருந்து அவள் இறங்கி ஓடி வந்தாள், பொத்தான்காரி, வந்து அந்த இடத்தில் காலை ஊன்றி நின்றுகொண்டு, "உள்ளே! இங்கதான் விழுந்துச்சு! நான் பாத்தேன்! ஏமாத்தப் பாக்கறீங்களா?" என்று கத்தினாள், என்ன தொண்டை அது, முற்றமே அதிர்ந்தது, இவ்வளவு சத்தம் அவளுக்குள் இருந்ததா, ஒரு வருஷமாக எங்கே இருந்தது? அவளே பயந்துபோய் எல்லோரையும் சுற்றிப் பார்த்தாள். அப்புறம் நெட்டச்சி, ஒரு பாயிண்டுக்கு உயிரை விடுகிற நெட்டச்சி, "சரி தாயே, உள்ளேதான், கோவிச்சுக்காதே" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், பொத்தான்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பா அழுகையா, இரண்டும்தான், இரண்டு பக்கத்தாரும் போய் அவள் மேல் விழுந்தார்கள், ஜெயித்தவர்கள் யார் தோற்றவர்கள் யார் என்று யாருக்குத் தெரியும், கீழே உருண்ட டப்பாவை எடுத்து வாத்தியாரம்மா ஊட்டிவிட்டாள், முழுதும் சாப்பிட்டாள், முழுதும்...

பஸ் சிக்னலில் நின்றபோது அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது, நல்ல வேளை ஜன்னல் பக்கம், முழுக்கைச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள், முன்கை இரண்டும் செக்கச்செவேலென்று தடித்திருந்தன, பழைய தடிப்பு நீலமாக, அதற்குப் பக்கத்தில் புதியது சிவப்பாக, பந்து வாங்கின கை, இதை வீட்டில் எப்படிச் சொல்வது? இன்றைக்காவது சொல்ல வேண்டும், சொல்லாமல் இருந்தால் வெடித்துவிடும், ஆனால் அந்த வீட்டில் எப்படி, கடைப்பலகை எழுதுகிற கணவர், ஏழு மாதத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பும் காலும் உடைந்து கட்டிலோடு கிடந்தவர், இப்போதுதான் கைத்தடி ஊன்றி அறைக்கும் கூடத்துக்கும் நடக்கிறார், அவர் படுத்த நாளிலிருந்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது, பாத்திரம் சத்தமில்லாமல் கழுவப்பட்டது, பரீட்சைக்குப் படிக்கிற மகள் பக்கத்தைக்கூட ஓசையில்லாமல் புரட்டப் பழகிவிட்டாள், அவரிடம் போய், நீங்கள் நடக்க முடியாமல் கிடக்கும்போது நான் தினமும் குதித்துக் குதித்துப் பந்து ஆடுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? அதனால் தினமும் இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு நிமிஷம் நிற்பாள், முகத்தில் இருக்கிற சிரிப்பைத் துடைப்பாள், களைத்த முகம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்வாள், மூன்றாம் மாடி ஏறுவாள், அதுதான் மரியாதை என்று நினைத்தாள், அதுதான் அன்பு என்றுகூட. இன்றைக்கு எவ்வளவு துடைத்தாலும் போகாதுபோல இருக்கிறதே, என்ன செய்வது...

இறங்கி, ரோட்டைக் கடந்து, கட்டடத்து வாசலில் பூட்டு ரிப்பேர்காரர் கடையைத் தாண்டி, இரண்டிரண்டு படியாக ஏறியவள் முதல் மாடித் திருப்பத்தில் அப்படியே நின்றாள். அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையில் ஒரு தாள். இரண்டு மாடி இறங்கி வந்திருக்கிறாரா, ஐயோ, யார் பிடித்தார்கள், விழுந்து தொலைத்தால்... "என்னங்க இது, யாரு உங்களை இறங்கச் சொன்னது?" அவர் அவள் கையைப் பிடித்துச் சட்டைக் கையை மேலே தள்ளினார், தடிப்புகளைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். "நானும் மூணு மாசமா பாத்துட்டுதான் இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லலை நீ. பெட்டி தூக்கற வேலைக்குப் போட்டுட்டாங்களா? எனக்காகத்தானே கேட்டு வாங்கிட்டே? இந்தா, எழுதிட்டேன், நாளைக்கு உங்க மேனேஜர்கிட்டே குடு, இல்லே நானே வர்றேன்."

தாளை வாங்கிப் பார்த்தாள். கைப்பழக்கம் யாரை விட்டது, 'உயர்திரு மேலாளர் அவர்களுக்கு' என்பதை விரல் தடிமனில் எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் வலப்பக்கம் நிழல் கொடுத்திருந்தார், ஓரத்தில் ஒரு கோடு, கோட்டின் முனையில் ஒரு சுழி, நகைக்கடைப் பலகைபோல ஜொலித்தது புகார்க் கடிதம், அதற்குக் கீழே, 'என் மனைவி சொல்ல மாட்டாள். ஆனால் அவள் கை சொல்கிறது.' படித்ததும் அவளுக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கினாள், அடங்கவில்லை, படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள், குலுங்கிக் குலுங்கி, கண்ணீர் தாளில் சொட்டி நிழல் எழுத்து கரைந்தது. அவர் முகம் சுருங்கியது. "சிரிக்கிறே?" என்றார், அந்தக் குரல் அவளைக் குத்தியது, மூன்று மாதமாக இந்தக் கையைப் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள் வெந்திருக்கிறார், அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து அவரையே இவள்... "பெட்டி இல்லைங்க. பந்து." "என்ன பந்து?" "வாலிபால். நாங்க ஆடறோம். மத்தியானம். நான் ஆடறேன்."

அவர் அவளைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "நீயா?" "நானேதான்." "வாலிபாலா?" "இன்னைக்கு ஜெயிச்சோம். கடைசிப் பந்து நான்தான் அடிச்சேன்." சொல்லிவிட்டாள், சொன்னதும் நிற்கவில்லை, மின்விசிறி, நெட்டச்சி, விசில், பொத்தான்காரி எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கொட்டியது, எம்பி அடித்ததைச் சொல்லும்போது சும்மா சொல்ல முடியாமல் கைப்பையைப் பந்தாக மேலே எறிந்து அடித்தே காட்டினாள், பை பறந்து போய் முதல் மாடிக் கதவில் மோதியது, உள்ளேயிருந்து "யாரு?" என்று குரல் வந்தது, "ஒண்ணுமில்லைங்க, பந்து" என்றார் அவர், சட்டென்று, அப்படியே சிரித்தார். எவ்வளவு நாளாயிற்று, தோள் குலுங்க, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுடி, சிரிக்க வைக்காதே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தபடி, "அந்தப் பொண்ணு முழுசா சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார், "முழுசா" என்றாள், அவர் தலையை ஆட்டிக்கொண்டே கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், "நல்லாத்தான் எழுதியிருந்தேன்" என்றார் வருத்தத்தோடு.

அப்போது கீழேயிருந்து பூட்டு ரிப்பேர்காரர் குரல் கொடுத்தார். "என்ன மாஸ்டர், சிரிப்புச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது! நேத்து பாதியிலே விட்ட கதையை அங்கே யாருக்குச் சொல்றீங்க? இங்க நாலு பேர் டீயோட காத்துட்டு இருக்கோம்ல!" அவர் சிரிப்பு நின்றது. நேற்றா, எந்தக் கதை, எந்த நாலு பேர்... அவள் நாற்காலியைப் பார்த்தாள், அது அவர்கள் வீட்டு நாற்காலி இல்லை, சாவிக்கொத்துப் படம் ஒட்டிய கடை நாற்காலி, இரண்டு மாடி இறங்கியவருக்கு மூச்சே வாங்கவில்லை என்பதும் இப்போதுதான் உறைத்தது, அவர் அவளைப் பார்க்காமல் கைத்தடியைத் தேடினார், கையெட்டும் தூரத்தில் இருந்ததை எங்கேயோ தேடுவதுபோலத் தேடினார், காது மடல் சிவந்திருந்தது, கையும் களவுமாகப் பிடிபட்டவர் முகம், அவள் கைத்தடியை எடுத்துக் கொடுத்தாள், எப்போதிலிருந்து, ஒரு மாதமா, இரண்டு மாதமா, தினமும் இறங்கி வந்து நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு, அவள் வருகிற நேரத்துக்கு முன்பாக மேலே ஏறி, படுத்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு... மேலே மகள், ஓசையில்லாமல் பக்கம் புரட்டுகிறவள், அவள் எதை ஒளித்து வைத்திருக்கிறாளோ, இந்த ஏழு மாதமும் அந்த வீட்டில் யாருக்காக யார் துக்கமாக இருந்தார்கள்?